உரிய சட்ட நெறியும் தனியாள் உரிமையும்: நெடுங்கேணி வழக்கொன்றை முன்வைத்து ஒரு நோக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் யாப்பில் 1791ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட ஐந்தாம் திருத்தத்தின் நடுவே ஒரு சிறு தொடர் அமைந்துள்ளது. உரிய சட்ட நெறியின் வழியன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் பறித்தலாகாது என்பது அதன் பொருள். அத்திருத்தம் நடுவண் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. உள்நாட்டுப் போரும் அடிமைமுறை ஒழிப்பும் நிகழ்ந்த பின்னரே, 1868இல் பதினான்காம் திருத்தத்தின் வாயிலாக அதே தடை மாநில அரசுகளுக்கும் விதிக்கப்பட்டது. அன்று தொட்டு இன்றுவரை அமெரிக்க நீதிமன்றங்களில் எழுந்த தனியாள் உரிமை வழக்குகளுட் பெரும்பாலானவை இவ்வொரு தொடரைச் சுற்றியே சுழன்றுள்ளன எனின் அது மிகையாகாது.

இத்தொடரின் பொருளை விளக்குதலும், இலங்கையின் அரசியல் யாப்பிலும் சட்டங்களிலும் அதற்கு ஈடானவை எவை, ஈடின்றி விடப்பட்டவை எவை என்று காணுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். நூல்வழி விளக்கம் மட்டும் போதாது என்பது எமது கருத்து. ஆதலால் வவுனியா வடக்கிலே, நெடுங்கேணிப் பகுதியில் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிகழ்ந்த கைதுகளையும் அவற்றைத் தொடர்ந்த வழக்கையும் உரைகல்லாகக் கொள்கின்றோம்.

உரிய சட்ட நெறி என்ற எண்ணம் அமெரிக்காவில் தோன்றியதன்று. 1215இல் ஆங்கில மன்னன் ஜோன் முத்திரையிட்ட மகா சாசனத்தின் முப்பத்தொன்பதாம் பிரிவு, நாட்டின் சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் பிடிக்கவோ சிறையிடவோ கூடாது என்றது. 1354இல் மூன்றாம் எட்வேர்ட் காலத்துச் சட்டமொன்றில் உரிய சட்ட நெறி என்ற சொற்றொடரே இடம்பெற்றது. மகா சாசனம் பிரபுக்களின் உடன்படிக்கை. குடியானவனை மனத்திற் கொண்டு எழுதப்பட்டதன்று. ஆயினும் ஒருமுறை எழுதப்பட்ட சொல், எழுதியவர் கருதாத மனிதருக்கும் பின்னாளிற் பயன்படுவதுண்டு.

தமிழ் வாசகருக்கு இக்கருத்தை உணர்த்த மேனாட்டுச் சாசனங்களினும் சிலப்பதிகாரமே சிறந்த துணையாகும். கோவலன் கொலையுண்ட கதையைப் பாண்டியனின் தனிப்பட்ட தவறாகவே நாம் பெரும்பாலும் படித்து வருகின்றோம். சட்ட நோக்கிற் காணுமிடத்து வேறொன்று புலப்படும். பொற்கொல்லன் குற்றஞ் சாட்டுகின்றான். அவனே சாட்சியும் ஆகின்றான். கள்வனை அடையாளங் காட்டுபவனும் அவனே. சென்ற காவலருள் இவன் தோற்றம் கள்வனுடையதன்று என்று ஐயுற்றோர் இருந்தனர். அந்த ஐயத்தைக் கொண்டுசென்று முறையிடுவதற்கு ஓர் இடமில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கல்லாதவன் ஒருவனின் வாள் வீழ்ந்துவிடுகின்றது. பின்னர்க் கண்ணகிக்கு வழங்கப்பட்டதோ முழுமையான விசாரணை: வழக்குரைக்கப்படுகின்றது, சான்றுப் பொருள் உடைத்துப் பார்க்கப்படுகின்றது, அரசனே தன் தீர்ப்பைத் தானே மாற்றுகின்றான். அவ்விசாரணை ஒரு நாள் முன்னர் நடந்திருப்பின் காப்பியமே இல்லை. உரிய சட்ட நெறி கோருவது இந்த வரிசை மாற்றத்தைத்தான்: கேட்டல் முன்னர், தண்டம் பின்னர்.

அமெரிக்க நீதிமன்றங்கள் இத்தொடருக்கு இருவகைப் பொருள் கண்டன. ஒன்று நடைமுறை சார்ந்தது. ஒருவரின் சுதந்திரத்திலோ உடைமையிலோ அரசு கைவைக்குமுன் அவருக்கு அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும். அவர் தரப்பு கேட்கப்பட வேண்டும். கேட்பவர் நடுநிலையாளராக இருத்தல் வேண்டும். மற்றது உள்ளடக்கம் சார்ந்தது. நடைமுறை எத்துணைச் சீராக இருப்பினும், சில உரிமைகளை அரசு தொடவே கூடாது என்பது. இரண்டாவது பொருளைக் கொண்டு 1905இல் தொழிலாளரின் வேலைநேர வரம்பையே அந்நீதிமன்றம் செல்லாதென்றமையும் நினைவுகொள்ளத்தக்கது. எனவே இத்தொடர் எப்போதும் ஏழைக்குத் துணைநின்றது என்று கூறுவார் வரலாற்றை அறியாதவராவர்.

நடைமுறை சார்ந்த பொருளிலேயே அதன் புகழ் நிலைத்தது. 1936இல் மிசிசிப்பி மாநிலத்தின் கறுப்பினத்தவர் மூவரின் மரண தண்டனை வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை சவுக்கால் அடிக்கப்பட்டனர். அடித்தவரே அதனை நீதிமன்றில் மறுக்கவுமில்லை. அடியினாற் பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தின்மீது எழுந்த தீர்ப்பு உரிய சட்ட நெறிக்கு முரணானது என்று நீதியரசர் அனைவரும் ஒருமித்துத் தீர்த்தனர். 1963இல் புளோரிடாச் சிறையிலிருந்து கிடியன் என்னும் வறியவர் பென்சிலால் எழுதியனுப்பிய மனுவின் பயனாக, வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற பாரதூரமான குற்றவழக்கின் எதிரிக்கு அரசே வழக்கறிஞரை வழங்க வேண்டும் என்ற விதி பிறந்தது. மறுவிசாரணையில் வழக்கறிஞருடன் தோன்றிய அதே கிடியன் குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டார். 1966இல் மிராண்டா வழக்கு, பொலிஸ் காவலில் விசாரிக்கப்படுபவருக்கு மௌனமாயிருக்கும் உரிமையும் வழக்கறிஞரின் துணையும் உண்டென முதலிலேயே சொல்லப்படல் வேண்டும் என்றது.

இவற்றைச் சொல்லுமிடத்து மறுபக்கத்தையும் சொல்லாதொழிதல் நேர்மையாகாது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர், அவர்களுள் மிகப் பலர் அமெரிக்கக் குடிமக்கள், தனித்தனி விசாரணை எதுவுமின்றி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அதற்கு வழிவகுத்த வெளியேற்றக் கட்டளையை 1944இல் கொரமட்சு வழக்கில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1988இற் சட்டமியற்றி நாடு மன்னிப்புக் கோரியது. 2018இலேதான் அத்தீர்ப்புத் தவறானதென்று அந்நீதிமன்றம் வெளிப்படக் கூறியது. போர்க்காலத்தில் இனத்தின் பெயரால் நெறி தளர்வது எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையன்று.

இனி எமது பக்கம் திரும்புவோம். 1947இன் சோல்பரி யாப்பில் அடிப்படை உரிமைகளின் பட்டியல் இருக்கவில்லை. ஆயினும் பட்டியலின்றியே நெறியைக் காத்த இரு வழக்குகள் எமது சட்ட வரலாற்றில் உள்ளன. முதலாவது அந்த யாப்புக்கும் முற்பட்டது. 1937இல் அவுஸ்திரேலியரான பிரேஸ்கேடில் என்னும் இளம் தோட்டத்துரை தொழிலாளர் பக்கம் நின்றமைக்காக அவரை நாடுகடத்துமாறு தேசாதிபதி கட்டளையிட்டார். ஆட்கொணர்வு மனுவை விசாரித்த உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையில், அவ்வதிகாரம் நெருக்கடி நிலைக்கென வழங்கப்பட்டது. அத்தகைய நிலை இல்லாதவிடத்து அதனைப் பயன்படுத்த இயலாது என்று கூறி அவரை விடுவித்தது. அதிகாரி ஒருவர் அதிகாரம் உண்டென்று சொன்னாற் போதாது. அவ்வதிகாரத்திற்கான நிபந்தனை நிறைவேறியுள்ளதா என்று நீதிமன்றம் பார்க்கும். ஒரு குடியேற்ற நாட்டு நீதிமன்றம் தேசாதிபதியை நோக்கி இதைச் சொன்னது என்பது இன்று எண்ணினும் வியப்பைத் தருவது.

இரண்டாவது 1962இன் சதிப்புரட்சி முயற்சி வழக்கு. எதிரிகளைத் தண்டிக்கும் பொருட்டே பின்னோக்கிச் செல்லும் சட்டமொன்றைப் பாராளுமன்றம் இயற்றியது. சான்றுவிதிகள் தளர்த்தப்பட்டன, குறைந்தபட்சத் தண்டனை வரையறுக்கப்பட்டது, ஏற்கெனவே நிகழ்ந்த சட்டவிரோதத் தடுத்துவைப்புக்குச் சட்ட உருவம் தரப்பட்டது. 1965இல் இலண்டன் கோமறைக் கழகம் லியனகே வழக்கில் இத்தண்டனைகளை நீக்கியது. குறித்த சில மனிதரைக் குறித்த ஒரு முடிவுக்குக் கொண்டுசெல்லச் சட்டமன்றம் வகுத்த திட்டம் நீதித்துறையின் அதிகாரத்திற் கைவைப்பதாகும் என்பது அதன் காரணம். உரிய சட்ட நெறி என்னும் சொல் யாப்பில் இல்லாமலே அதன் உட்பொருள் காக்கப்பட்டது. காக்கப்பட்டோர் கொழும்பின் உயர்குடியினர் என்பதையும் நாம் மறத்தல் இயலாது.

1972ஆம் ஆண்டு யாப்பு, சட்டத்திற்கு அமைவாகவன்றி எவரும் உயிரையோ சுதந்திரத்தையோ இழத்தலாகாது என்ற வாசகத்தைக் கொண்டிருந்தது. அதனை நிலைநாட்டத் தனி வழியொன்றை வகுக்கவில்லை. 1978ஆம் ஆண்டு யாப்பே இவ்விடயத்தில் விரிவானது. 13ஆம் உறுப்புரை, சட்டத்தினால் தாபிக்கப்பட்ட நடைமுறைக்கு அமையவன்றிக் கைது செய்யலாகாது என்கின்றது. கைதின் காரணத்தைச் சொல்லவேண்டும் என்கின்றது. மிக அண்மையிலுள்ள தகுதியுள்ள நீதிமன்றத்தின் நீதிபதி முன் கொண்டுசெல்லுமாறு பணிக்கின்றது. நியாயமான விசாரணையையும், குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை நிரபராதியெனக் கொள்ளப்படும் உரிமையையும் வழங்குகின்றது. இருபத்துநான்கு மணித்தியால வரம்பு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் உள்ளது; பயண நேரம் அதில் அடங்காது. அடிப்படை உரிமை மீறப்பட்டோர் நேரே உயர் நீதிமன்றம் செல்லலாம்.

யாப்பு உரிய சட்ட நெறி என்ற சொல்லைத் தவிர்த்துச் சட்டத்தினால் தாபிக்கப்பட்ட நடைமுறை என்ற சொல்லை எடுத்துக்கொண்டது ஏன் என்பது கருதத்தக்கது. இதற்கு இந்திய வரலாறு விளக்கந்தரும். இந்திய யாப்பு வரைவுக் காலத்தில், 1947இன் இறுதியில், யாப்பு ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா சென்றார். அங்கு நீதியரசர் பிராங்பேர்ட்டர், உரிய சட்ட நெறி என்ற தொடர் நீதிபதிகளுக்கு மிகைப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என எச்சரித்தார். விளைவாக அத்தொடர் நீக்கப்பட்டு, இப்போது எமது யாப்பிலும் காணப்படும் சொற்கள் புகுந்தன. 1950இல் சென்னை மாகாண அரசினால் தடுத்துவைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், சட்டமன்றம் இயற்றிய எந்த நடைமுறையும் போதும் என்று இந்திய உச்ச நீதிமன்றப் பெரும்பான்மையினர் தீர்த்தனர். அதாவது கோவலனை உசாவாமற் கொல்லலாம் என்று முன்கூட்டிச் சட்டம் எழுதிவைத்திருப்பின் கொல்லலாம். இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்து 1978இல் மேனகா காந்தி வழக்கிலேதான் நடைமுறை நீதியானதாயும் நியாயமானதாயும் இருத்தல் வேண்டும் என்று அந்நீதிமன்றம் நிலைமாறியது.

இலங்கையிலோ இன்னும் இரு கதவுகள் சாத்தப்பட்டன. யாப்பின் 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் முன்னிருந்த எழுத்திலான சட்டங்கள் செல்லும் என்கின்றது. 80ஆம் உறுப்புரை, சபாநாயகரின் சான்றுரை பெற்ற சட்டத்தை எந்த நீதிமன்றும் பின்னர்க் கேள்விக்குட்படுத்த இயலாது என்கின்றது. சட்டமூலமாக இருக்கும் சில நாள்களில் மட்டுமே அதனை எதிர்த்து மனுச் செய்யலாம். 1803இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தனக்கென நிலைநாட்டிக்கொண்ட, சட்டத்தையே செல்லாதெனக் கூறும் அதிகாரம் எமது நீதிபதிகளுக்கு இல்லை. இருநாட்டு யாப்புகளையும் ஒப்பிடுவோர் உரிமைப் பட்டியலின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறுதல் கூடாது.

இவற்றுள் இரண்டாவது கதவின் பயனை 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்திற் காணலாம். தற்காலிக ஏற்பாடு எனப் பெயரிட்டு வந்த அது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் கட்டளைப்படி மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதங்கள்வரை ஒருவரைத் தடுத்துவைக்க அது இடந்தந்தது. 2022இன் திருத்தம் அதனைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தது. அதனினும் ஆழமான கேடு அதன் 16ஆம் பிரிவு. பொலிஸ் அதிகாரிக்குச் செய்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது எமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி. 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தினர் பெற்ற வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டதோடு, அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று எண்பிக்கும் சுமையை எதிரியின்மீதே ஏற்றியது. பூட்டிய அறைக்குள் நடந்ததை, அறைக்குள் தனியே இருந்தவன் எவ்வாறு எண்பிப்பான்? மிசிசிப்பி வழக்கில் 1936இல் அடைக்கப்பட்ட வழி இங்கு 1979இல் திறந்துவிடப்பட்டது.

சிங்கராசா வழக்கு இதற்குச் சான்று. தமிழ் மட்டுமே அறிந்த அவரது சிங்கள வாக்குமூலத்தில் அவரின் பெருவிரல் அடையாளம் இருந்தது. அதனையே அடிப்படையாகக் கொண்டு 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் முப்பத்தைந்து ஆண்டாயிற்று. எண்பிக்கும் சுமையை எதிரிமேல் ஏற்றியமை நியாயமான விசாரணைக்கு முரண் என 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு முடிவுசெய்தது. 2006இல் எமது உயர் நீதிமன்றமோ, அக்குழுவுக்கு முறையிட வழிசெய்த நெறிமுறையில் ஜனாதிபதி ஒப்பமிட்டதே யாப்புக்கு முரண் என்றது.

இச்சட்டம் வன்னிக்கு அயலானதன்று. 1977இன் இனக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து அகதிகளாய் வந்த தோட்டத் தொழிலாளரை வவுனியாப் பகுதியிற் குடியேற்றப் பணிபுரிந்த காந்தீயம் அமைப்பின் செயலாளர் மருத்துவர் இராஜசுந்தரம், 1983இல் கைதாகித் தீர்ப்பெதுவும் இன்றி வைக்கப்பட்டிருந்த நிலையில், அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். அம்மாதம் 25ஆம் 27ஆம் நாள்களில் அங்கு கொல்லப்பட்ட தமிழ்க் கைதிகள் ஐம்பத்துமூவர். குற்றமற்றவர் என்ற ஊகம் காவலில் இருப்பவரின் உடலையும் காக்க வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய விளக்கம் வேண்டுவதில்லை.

இப்பின்னணியிலேயே வெடுக்குநாறி மலை வழக்கை நோக்குதல் தகும். நெடுங்கேணிக்கு அண்மையில், ஒலுமடுப் பகுதிக் காட்டினுள் அமைந்த அம்மலையில் ஆதிலிங்கேசுவரரை ஊரவர் வழிபட்டு வருகின்றனர். மலையிற் பண்டைய பிராமி எழுத்துப் பொறிப்புகளும் உண்டு. ஆகவே தொல்பொருள் திணைக்களத்தின் அக்கறையைப் பொருளற்றது என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. கல்வெட்டைக் காப்பது எம்மனைவர்க்கும் கடன். 2018 முதல் அத்திணைக்களமும் பொலிஸாரும் வழிபாட்டுக்கு இடையூறு செய்வதாக ஆலயத்தார் முறையிட்டனர். வவுனியா நீதவான் நீதிமன்றில் வழக்கும் எழுந்தது. 2023 மார்ச்சில் மலையிலிருந்த விக்கிரகங்கள் பெயர்த்தெறியப்பட்டிருக்கக் காணப்பட்டன. ஏப்ரலில் அவற்றை மீள வைக்க நீதிமன்றம் வழிவிட்டது.

2024 மார்ச் 8ஆம் நாள் மகா சிவராத்திரி. மாலை ஆறு மணிக்குப் பின் அங்கு தங்கலாகாது என்பது பொலிஸாரின் நிலை. சிவராத்திரி நான்கு யாமமும் விழித்திருந்து பூசை செய்யும் விரதம். மாலையோடு முடிவதாயின் அதற்கு இரவின் பெயர் எதற்கு என்பது வழிபட வந்தோரின் நிலை. அன்றிரவு ஆலயப் பூசகர் உட்பட எண்மர் கைது செய்யப்பட்டனர். மறுநாள் வவுனியா நீதவான் முன் கொண்டுசெல்லப்பட்டு, முதலில் 12ஆம் நாள்வரையும் பின்னர் 19ஆம் நாள்வரையும் விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். சிறைக்குள் சிலர் உண்ணா நோன்பிருந்தனர். நெடுங்கேணியிலும் பிற இடங்களிலும் மக்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டினர். மார்ச் 19ஆம் நாள் வழக்குத் தள்ளுபடியாகி எண்மரும் விடுவிக்கப்பட்டனர்.

நெறி ஈற்றில் வென்றது என்று கூறி இவ்வழக்கை மூடிவிடலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. நீதவான் முன் கொண்டுசெல்லல் என்ற படி உரிய காலத்தில் நிறைவேறியது. அதற்கடுத்த படியிலேதான் சிக்கல் உள்ளது. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் பிணை வழங்கலை விதியாகவும் மறுத்தலை விலக்காகவும் கொள்கின்றது. ஆனால் 1940இன் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்திற்கு 1998இற் செய்யப்பட்ட திருத்தம், அச்சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டோரைப் பிணையில் விடுவதற்குத் தடையிடுகின்றது. புதையல் தோண்டுவோரையும் சிலை கடத்துவோரையும் மனத்திற் கொண்டு இறுக்கப்பட்ட கயிறு, விளக்கேற்றப் போனவரின் கழுத்திலும் அதே இறுக்கத்துடன் விழுகின்றது. 2019 சனவரியில் ஹொரவப்பொத்தானைக்கு அண்மையில் கிரலாகலத் தாதுகோபத்தில் ஏறிநின்று படமெடுத்தமைக்காகத் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் எண்மர் விளக்கமறியலில் வைக்கப்பட்டு, பெப்ரவரியில் அபராதத்துடன் விடுவிக்கப்பட்டமையும் இவ்வகையினதே. அவர் செயலை நாம் ஆதரிக்கவில்லை. அபராதத்தோடு முடியத்தக்க செயலுக்குச் சிறைவாசம் முற்பணமாகப் பெறப்பட்டது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

பீலி என்னும் அமெரிக்க ஆய்வாளர் கனெற்றிகட் மாநிலத்தின் கீழ்நிலை நீதிமன்றமொன்றை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட நூலில், சிறு வழக்குகளில் எதிரி அனுபவிக்கும் உண்மைத் தண்டனை தீர்ப்பன்று, தீர்ப்புவரை அவர் படும் பாடே என்று முடிபு கண்டார். வெடுக்குநாறி எண்மருக்குத் தீர்ப்பிற் கிடைத்தது விடுதலை. அதற்கு முன் கிடைத்தது பதினொரு நாட் சிறை. அவ்வாண்டின் சிவராத்திரி அவர்களுக்கு மீளக் கிடைக்கப்போவதில்லை. 13ஆம் உறுப்புரையின் நான்காம் பந்தி, விசாரணை முடியும்வரை ஒருவரை வைத்திருத்தல் தண்டனையாகாது என்று சொல்கின்றது. சட்டத்தின் கண்ணுக்கு அது தண்டனையன்று. நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்கு அவ்வேறுபாடு விளங்குமா என்பது வேறு.

இரண்டாவது வினா, அந்த ஆறு மணி வரம்பு எங்கிருந்து வந்தது என்பது. வழிபாட்டின் வாயிலாகத் தன் மதத்தை வெளிப்படுத்தும் சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரை வழங்குகின்றது. புத்த சமயத்திற்கு முதன்மை தரும் 9ஆம் உறுப்புரைகூட இவ்வுரிமைக்கு ஊறின்றியே அதனைச் சொல்கின்றது. இவ்வுரிமையைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் 15ஆம் உறுப்புரையின்படி கட்டுப்பாடு சட்டத்தினால் விதிக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். மலையடிவாரத்தில் நிற்கும் அதிகாரியின் வாய்மொழி சட்டமாகாது. எச்சட்டத்தின் எப்பிரிவு என்று கேட்பது அடாவடித்தனமன்று. பிரேஸ்கேடில் வழக்கில் நீதிமன்றமே தேசாதிபதியிடம் கேட்ட கேள்வி அது.

மூன்றாவது, கேட்டல். 1970இல் கோல்ட்பேர்க் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஏழையொருவரின் பொதுநல உதவிப்பணத்தை நிறுத்துமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. உதவிப்பணத்திற்கே இந்நெறி வேண்டுமாயின், தலைமுறையாய்ச் சென்றுவரும் வழிபாட்டிடத்தைப் பாதுகாப்பு நிலமென வரையறுக்குமுன் அங்கு வழிபடுவோரை அழைத்துக் கேட்பது மிகையாகுமா? கல்வெட்டைக் காக்கவும் வேண்டும், பூசையும் நடக்க வேண்டும் எனின், எவ்விடத்தில் விளக்கேற்றலாம், எப்பாறையை மிதிக்கலாகாது என்பன இருதரப்பும் இருந்து பேசித் தீர்க்கத்தக்கவை. கேளாத இடத்திற் சிறு விடயமும் இனப்பிணக்காக உருமாறுகின்றது.

அமெரிக்காவை இங்கு முன்மாதிரியாகக் காட்டவும் இயலாது. கலிபோர்னியாவில் ஆதிக்குடிகளின் புனித மலைப்பகுதியூடாக அரசு வீதியமைக்க முற்பட்டபோது, நிலம் அரசினுடையது. வழிபாட்டுக்கு அழிவு நேரினும் யாப்பு தடுக்காது என்றே 1988இல் லிங் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்தது. பின்னர்ப் பேரவை 1990இற் சட்டத்தால் அப்பகுதியைக் காத்தமையாலேயே வீதி வரவில்லை. எமக்குப் பொருத்தமான அமெரிக்கத் தீர்ப்பு 1886இன் யிக் வோ வழக்கு. சான் பிரான்சிஸ்கோவில் மரக்கட்டடங்களிற் சலவைத் தொழில் செய்ய அனுமதி வேண்டும் என்ற விதி எழுத்தளவிற் பொதுவானது. அனுமதி கேட்ட சீனர் அனைவருக்கும் அது மறுக்கப்பட்டது. ஏனையோருக்கு ஒருவர் நீங்கலாக வழங்கப்பட்டது. சட்டம் நடுநிலையாய் இருந்தும் அதனைச் செலுத்தும் கை ஓரஞ்சாயுமாயின் அது சமத்துவ மறுப்பே என்று நீதிமன்றம் கண்டது. இலங்கை யாப்பின் 12ஆம் உறுப்புரையைப் படிப்போர் இவ்வழக்கையும் உடன்வைத்துப் படித்தல் நன்று.

நீதிமன்றக் கட்டளை கிடைத்தபின் அது மதிக்கப்படுகின்றதா என்பது பிறிதொரு பிரச்சினை. 2019 செப்ரெம்பரில் முல்லைத்தீவு நாயாற்று நீராவியடிப் பிள்ளையார் ஆலயத்தருகே பிக்கு ஒருவரின் உடலைத் தகனம் செய்தலாகாது என்ற நீதிமன்றக் கட்டளை இருந்தும், பொலிஸார் முன்னிலையிலேயே தகனம் நிகழ்ந்தது. 2023 செப்ரெம்பரில், குருந்தூர்மலை வழக்கை விசாரித்துவந்த முல்லைத்தீவு நீதிபதி உயிர் அச்சுறுத்தலைக் காரணங்காட்டிப் பதவி துறந்து நாட்டை நீங்கினார். அச்சுறுத்தல் பற்றிய அவர் கூற்றை அரச தரப்பு ஏற்கவில்லை. எவ்வாறாயினும், கேட்பவர் அச்சமின்றி இருத்தல் உரிய நெறியின் முதல் நிபந்தனையாதலின், இந்நிகழ்வு ஒரு மாவட்டத்தின் செய்தியாக மட்டும் கடந்துபோகத்தக்கதன்று.

இறுதியாக, நெடுங்கேணி போன்ற ஊரொன்றில் வாழ்பவர் கையில் உள்ள வழிகளைக் குறிப்பிடுதல் பயன்தரும். சட்டவிரோதமாக ஒருவர் தடுத்துவைக்கப்பட்டிருப்பின் ஆட்கொணர்வு மனுவைக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றில் மட்டுமன்றி, 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பயனாக, மாகாண மேல் நீதிமன்றிலும் தாக்கல் செய்யலாம். 2009 மே மாதம் இராணுவத்தினரிடம் கையளிக்கப்பட்டுக் காணாமற்போனோரின் உறவினர் 2013இல் வவுனியா மேல் நீதிமன்றை நாடியது இவ்வழியாலேதான். உடலைக் கொணர்க என்று கோரும் அம்மனுக்களின் விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. வசதியற்றோர்க்கு 1978இன் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அடிப்படை உரிமை மனுவோ கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றிலேயே, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்திற்குள், தாக்கல் செய்யப்படல் வேண்டும். காவலிலிருந்து வெளிவந்து, வழக்கறிஞரைத் தேடி, பணம் திரட்டுமுன் அந்த ஒரு மாதம் கழிந்துவிடுவதே பெருவழக்கு. ஆனால் அம்மாதத்திற்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்துவிட்டால், அவ்வாணைக்குழுவின் விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கிற் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதற்கு இடந்தருகின்றது. அவ்வாணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் ஒன்று வவுனியாவில் உள்ளது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.